முதலிடத்துக் கம்பனியும் மகளின் சி.ஆர். கொப்பியும்

போன மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாயும் மகளும் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார். தாய் உட்கார்ந்ததும் கைப்பைக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பங்குச் சந்தையில் உள்ள முன்னணிக் கம்பனிகளை வருமானப்படி அடுக்கிய பட்டியல். லண்டனில் இருக்கும் பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்ப, கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறார். முதல் ஐந்து பெயர்களைச் சுற்றிச் சிவப்புப் பேனா வட்டம்.

“சேர், இந்த அஞ்சில ஒண்டில இவள் வேலை எடுக்கோணும். இங்க ரெண்டு வருசம், கடைசி வருசம் இங்கிலாந்தில எண்டு ஒரு பிஸ்னஸ் டிகிரி இருக்காம். பெரியப்பா அதைத்தான் செய்யச் சொல்லுறார். இவள் வாய் திறக்கிறாள் இல்லை.”

பயப்படாதீங்கோ, வர்த்தகம் படித்த பிள்ளைக்குக் கொழும்பில் வழி உண்டு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. அம்மா, அன்று உங்களிடம் சொன்னதை மற்றப் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன். அந்தப் பட்டியலை வைத்துப் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது பிழை. அதற்காக அந்த டிகிரிக்குக் காசு கட்டுவது அதைவிடப் பெரிய பிழை.

பட்டியலில் என்ன பிழை என்று எனக்கு முன்பே உங்கள் மகள் கண்டுபிடித்துவிட்டார். “வீட்டில என்ன செய்வீங்கள் பிள்ளை?” என்று கேட்டபோது, கொஞ்சம் தயங்கி ஒரு சி.ஆர். கொப்பியை நீட்டினார். கோடு போட்ட பக்கங்களில் இருபது, இருபத்தைந்து கம்பனிகள். வருமானம், வரிக்குப் பிந்திய இலாபம், உரிமையாளர் பணம், கடன் என்று நிரல்கள். எல்லாம் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆண்டறிக்கைகளில் இருந்து எடுத்தது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. “முதலாவது ஏன் முதலாவது எண்டு பாக்க வெளிக்கிட்டன் சேர்” என்றார்.

கொப்பியில் ஹேலீஸ் கம்பனிக்கு எதிரே இருந்து சிங்கர் கம்பனிக்கு ஒரு பச்சை அம்புக்குறி. ஹேலீஸ் 2017இல் சிங்கரை வாங்கியது. சிங்கர் விற்கும் குளிர்சாதனப் பெட்டியின் பணம் தாய்க் கம்பனியின் ஒன்றுசேர்த்த கணக்கிலும் வரும், தனியாகப் பட்டியலில் உள்ள சிங்கரின் கணக்கிலும் வரும். பட்டியலில் ஒரே விற்பனை இரண்டு முறை நிற்கிறது! சிலோன் டொபாக்கோவின் வரிக்கு நேரே “வரி கழிச்சா?” என்று ஒரு குறிப்பு. சிகரெட் வாங்குபவர் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போகிறது. மொத்த விற்பனையைப் பார்த்தால் மலை, வரி போனபின் அது வேறு உருவம்.

இதைப் பார்த்தபின் நானும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். 2022ஐ எடுத்துப் பார் என்றேன். அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. விற்ற பெட்டிகள் குறைந்தாலும் விற்ற தொகை ஏறியிருக்கும். அந்த ஆண்டு வருமானம் கூடியது என்று ஒரு கம்பனி மார்தட்டினால் எத்தனை பெட்டி விற்றது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அதே ஆண்டில் டயலொக் தொலைபேசிக் கம்பனி நட்டக் கணக்குக் காட்டியது. எங்கள் எல்லாருடைய கையிலும் ஃபோன் இருந்தது, பில்லும் கட்டினோம். ரூபா விழுந்ததில் வந்த நாணயமாற்று நட்டம் இலாபத்தை விழுங்கிவிட்டது. ஜோன் கீல்ஸ் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் கட்டிய சினமன் லைஃப் ஹோட்டல் 2024 ஒக்டோபரில்தான் திறந்தது. அதுவரை அந்த ஹோட்டலில் முடங்கிய பணம் ஒரு சதமும் உழைக்கவில்லை. போட்ட முதலுக்கு எவ்வளவு இலாபம் என்று அந்த ஆண்டுகளில் கணக்குப் பார்த்தால் கம்பனியின் இடம் இறங்கும். அதனால் அது மோசமான கம்பனி ஆகிவிடுமா?

இன்னொன்று, அம்மா. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கும் ஆடைக் கம்பனிகளான எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ் இரண்டும் பங்குச் சந்தையில் இல்லை. இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் அரசுடையவை, அவையும் இல்லை. பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளை மட்டும் அடுக்கும் தாளில் வேலை தேடினால் இவையெல்லாம் கண்ணில் படாது. பெரியப்பா வட்டம் போட்டது பங்கு வாங்குபவருக்கான தாளில். வேலை தேடுபவருக்கான தாள் அது இல்லை. பங்கு வாங்குபவருக்கும் அது அரைகுறைதான்.

ஆகவே எந்தக் கம்பனியில் சேரலாம் என்ற கேள்வியை விடுங்கள். கம்பனிகளைப் பிரித்துப் படிப்பதே ஒரு தொழில். பட்டயக் கணக்காளர், சீமா என்ற முகாமைக் கணக்கியல் தகைமை போன்றவை எல்லா வீட்டுக்கும் தெரிந்தவை, அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ரிசேர்ச் அனலிஸ்ட் என்ற பெயரைத்தான் நம் வீடுகளில் யாரும் உச்சரிப்பதில்லை.

இவர்கள் பங்குத் தரகர் நிறுவனங்களிலும், பிட்ச் ரேட்டிங்ஸ் லங்கா போன்ற கடன் தரமிடும் நிறுவனங்களிலும், வங்கிகளின் கடன் பிரிவுகளிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டு வங்கிகளுக்காகக் கொழும்பில் இருந்தே ஆய்வு எழுதிக் கொடுக்கும் அக்குயிட்டி போன்ற நிறுவனங்களும் உண்டு. பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகள் முதல் மூன்று காலாண்டுகளின் கணக்கை 45 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். பெப்ரவரி, ஓகஸ்ட், நவம்பர் மாதங்களின் நடுப்பகுதியில் அறிக்கைகள் ஒன்றாக வந்து குவியும்போது அனலிஸ்டின் வீட்டில் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். ஐந்தொகையைத் திறந்து, காசுப்பாய்ச்சல் கூற்றோடு ஒப்பிட்டு, பின்பக்கத்துக் குறிப்புகளைத் துழாவி, “இலாபம் ஏறியிருக்கு, காசு வரேல்லை, கடனுக்கு வித்ததை இன்னும் அறவிடேல்லை” என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேயிலைக் கம்பனி என்றால் மழையையும் ஏல விலையையும் பார்க்க வேண்டும், ஹோட்டல் என்றால் விமான நிலையத்தில் இறங்கியவர்களின் எண்ணிக்கையை. ஆட்களிடம் பேசிப் பொருள் விற்கும் வேலை தனக்குச் சரிவராது என்று உங்கள் மகள் தெளிவாகச் சொன்னார். அவரை மார்க்கெட்டிங்கில் தள்ளினால் கொப்பியும் போகும், பிள்ளையும் வாடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தரகர் நிறுவன வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், சந்தையோடு சேர்ந்து ஆடும். 2022 ஏப்ரலில் சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். வெளிநாட்டு ஆய்வு வேலையில் லண்டன் நேரத்துக்கு இருக்க நேரிடலாம், வீடு திரும்ப இரவாகும். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் இந்த வேலை இல்லை. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை இன்றிலிருந்தே வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

வழியும் செலவும் இப்படி. பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டி வரும். அந்தக் காலத்தில் ஏ.ஏ.ரி. என்ற அடிப்படைக் கணக்கியல் தகைமையைத் தொடங்குங்கள். கட்டணம் ரூபாவில், பரீட்சை தமிழிலும் எழுதலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு இரண்டின் முகாமைத்துவ பீடங்களையும் மேலே போடுங்கள், அங்கே நிதித்துறை இருக்கிறது. கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளி இலேசானதல்ல. கிடைக்காவிட்டாலும் ஏ.ஏ.ரி. வீண்போகாது. படிக்கும்போதே பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் மூலதனச் சந்தைச் சான்றிதழைச் செய்யலாம். நிதி ஆய்வாளருக்கான சர்வதேசத் தகைமையான சி.எஃப்.ஏ.யின் முதலாம் நிலைப் பரீட்சையைப் பட்டம் முடிய 23 மாதங்கள் இருக்கும்போதே எழுதலாம். ஆனால் அதன் கட்டணம் டொலரில். முதல் சம்பளம் எடுத்த பிறகு மகளே கட்டட்டும்.

பெரியப்பா சொன்ன டிகிரியின் கடைசி வருடமோ பவுணில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாச் சொச்சம், மே நடுப்பகுதியில் 360. பவுணும் அப்படியே ஏறியது. அந்த இரண்டரை மாதத்தில் பாதிப் படிப்போடு மகனைத் திருப்பி அழைத்த தகப்பன் ஒருவர் நீங்கள் உட்கார்ந்த அதே கதிரையில் இருந்தார். அடகு வைத்த வீட்டுக்கு இன்னும் வட்டி கட்டுகிறார். “காணியை வித்தெண்டாலும்” என்று நீங்கள் தொடங்கியபோது நான் இடைமறித்தது அதனால்தான். விற்காதீர்கள். பெரியப்பாவுக்கு உதவ விருப்பம் என்றால் ஏ.ஏ.ரி. கட்டணமும் ஒரு நல்ல லப்டொப்பும் போதும்.

அடுத்த முறை வரும்போது கொப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்கள். அதில் ஒரு பிழை இருந்தது, அன்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கொமர்ஷல் வங்கியையும் சம்பத் வங்கியையும் ஹேலீஸோடு ஒரே நிரலில் போட்டிருக்கிறார். வட்டி வீதம் ஏறிய ஆண்டில் வங்கியின் மொத்த வருமானம் தானாகவே வீங்கும், அதில் பெரும்பகுதி வைப்பு வைத்தவர்களுக்கே திரும்பிப் போகும். போதாததற்கு வங்கிகளின் கணக்கு டிசம்பரில் முடிகிறது, மற்றவர்களில் அநேகருக்கு மார்ச்சில். வங்கிகளுக்கு வேறு பக்கம் ஒதுக்கிக்கொண்டு வரட்டும்.