‘கட் பண்ணு’ விழுங்கிய சொற்கள்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் சிலர், சிறு குழந்தைகளுக்குச் சொல் கற்பிப்பது குறித்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முதல் கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால் அதற்கான விடை சற்று நீண்டுவிட்டது.

அம்மையீர், ஐந்தரை வயது மகளுக்கு நானே வீட்டில் பாடம் நடத்துகிறேன். நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்று திட்டம் வகுத்து, பட அட்டைகளைக் காட்டிச் சொல்லித் தருகிறேன். அட்டையைக் காட்டினால் உடனே சொல்லிவிடுகிறாள். பேச்சில் அவற்றில் ஒன்றுகூட வருவதில்லை. எங்கே தவறுகிறேன்? – ஒரு வாசகி, ஈரோடு

பத்து என்ற எண்ணிக்கையை முதலில் கைவிடுங்கள். உங்கள் மகள் அந்த அட்டையின் பெயரைக் கற்றிருக்கிறாளே தவிர, அட்டையில் உள்ள பொருளின் பெயரை இன்னும் கற்கவில்லை. இதே தவற்றை நானும் செய்திருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், முதல் வகுப்புக்கு ‘வடு’ என்ற சொல்லைக் கரும்பலகையில் படம் வரைந்து கற்பித்தேன். மாம்பிஞ்சுக்கு வடு என்று பெயர் என வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பித்தது. மறு வாரம் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த வடுக்களைச் சட்டைப்பை நிறையப் பொறுக்கி வந்த ஒரு சிறுவனிடம் அது என்னவென்று கேட்டேன். “குட்டி மாங்கா, டீச்சர்” என்றான். நான் வரைந்த வடு பூசணிக்காய் அளவுக்கு இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் பேத்திக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்த வழி வேறு. மாசிக் கடைசியில் வடுமாங்காய் போட உட்கார்ந்தோம். காம்பு ஒடியாமல் எடுத்து வைப்பதும் விளக்கெண்ணெய் தடவிப் புரட்டுவதும் அவள் வேலை. உப்பு, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி எல்லாம் என் வேலை. அன்று ‘வடு’ என்ற சொல்லை இருபது முறையாவது நான் சொல்லியிருப்பேன். பாடமாக ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான்காம் நாள் ஜாடியைத் திறந்து பார்த்தவள், “பாட்டி, வடுவெல்லாம் சுருங்கிப் போச்சு” என்றாள். பிறகொரு நாள் முழங்காலில் பட்ட காயம் ஆறித் தழும்பு தெரிந்தபோது, இதற்கும் வடு என்றுதான் பெயர் என்றேன். சிறிது நேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுவும் சுருங்குமா?” என்று கேட்டாள்.

இரண்டாவதாக, உங்கள் அட்டைகளில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பழம், பறவை, வாகனம் என்று பெயர்ச்சொற்களாகவே இருக்கும். வினையைப் படமாக வரைவது கடினம் என்பதால் அச்சிடுபவர்கள் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் இன்று தேய்ந்துகொண்டிருப்பவை வினைச்சொற்களே. கீரையை ஆய்வதும், கொத்தமல்லியைக் கிள்ளுவதும், முருங்கைக் கீரையை உருவுவதும், வாழைக்காயைச் சீவுவதும், வெண்டைக்காயை நறுக்குவதும், வெங்காயத்தை அரிவதும், தேங்காயைத் துருவுவதும் கைக்கும் கண்ணுக்கும் வெவ்வேறு செயல்களாக இருக்க, ‘கட் பண்ணு’ என்ற ஒன்று அவற்றில் பாதியை விழுங்கிவிட்டது. மீதியைக் ‘கிளீன் பண்ணு’ பார்த்துக்கொள்கிறது. இதைத் தூய தமிழ்ப் பிடிவாதத்தால் சொல்லவில்லை. ஏழு செயல்களுக்கு ஏழு சொற்களைக் கேட்டு வளரும் குழந்தை, அந்தச் செயல்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் கூடவே பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

கற்பிக்கும் முறைக்கு மாண்டிசோரிப் பள்ளிகளின் மூன்று படிப் பாடம் மிகவும் ஏற்றது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கு நேரில் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி, இதைத் தமக்கு முற்பட்ட செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். முதற்படியில் நீங்கள் செய்துகாட்டிப் பெயர் சொல்கிறீர்கள்: “இதோ, கிள்ளுகிறேன், இதோ, உருவுகிறேன்.” இரண்டாம் படியில் அவளைச் செய்யச் சொல்கிறீர்கள்: “இந்தக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போடு, அந்த முருங்கைக் கீரையை உருவு.” மூன்றாம் படியில்தான், “நான் இப்போது என்ன செய்கிறேன்?” என்று கேட்கிறீர்கள். பட அட்டையைக் காட்டி “இது என்ன?” என்று கேட்பது நேராக மூன்றாம் படியில் ஏறுவதாகும். இரண்டாம் படியில்தான் நெடுநேரம், வேண்டுமானால் பல நாட்கள், தங்க வேண்டும். அங்கே தவறினால் திருத்த வேண்டாம். முதற்படிக்குத் திரும்பி இன்னொரு முறை செய்துகாட்டினால் போதும். ஐந்து வயதில் கத்தி வேண்டாம். கிள்ள, ஆய, உருவ, உரிக்க, தொலிக்க என்று கையாலேயே செய்யக்கூடியவை தாராளமாக இருக்கின்றன.

வாரத்துக்கு நான்கைந்து சொற்கள் போதும். எடுத்துக்கொண்ட சொற்களைத் தாளில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். அது மகளுக்காக அன்று. ‘கட் பண்ணு’ என்று நாம் சொல்ல வாயெடுக்கும்போது நமக்கு நினைவூட்டுவதற்காக.

நான்கு வயது மகனுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். வீட்டில் ‘ஒக்காந்தான்’ என்று பேசுகிறோம்; புத்தகத்தில் ‘அமர்ந்தான்’ என்று இருக்கிறது. அவனுக்குப் புரிவதில்லை. வீட்டிலும் எழுத்துத் தமிழில் பேசிப் பழக்க வேண்டுமா? – ஒரு தந்தை, சென்னை

வேண்டாம். பேச்சு வழக்கு பிழையானது என்ற எண்ணம் குழந்தைக்கு ஏற்பட்டால், அவன் பேசுவதையே குறைத்துக்கொள்வான். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன; அவற்றைப் பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும். ‘ஒக்காந்தான்’ என்பதும் ‘உட்கார்ந்தான்’ என்பதும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். ‘தொறந்தான் – திறந்தான்’, ‘வெல – விலை’, ‘நேத்து – நேற்று’ போன்றவையும் அப்படியே. இவற்றைச் சொற்பட்டியலில் சேர்த்துக் கற்பிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் வாசித்துக் காட்டினால் காது தானாகப் பழகிவிடும். ‘அமர்ந்தான்’ என்பதோ அவனுக்கு முற்றிலும் புதிய சொல். அத்தகைய சொல் வரும்போது நிறுத்திப் பொருள் கேட்காமல், வாசிக்கும் ஓட்டத்திலேயே பேச்சுச் சொல்லையும் சேர்த்துவிடுங்கள்: “அரசன் அரியணையில் அமர்ந்தான், ராஜா நாற்காலியில நல்லா ஒக்காந்துக்கிட்டான்.” அதே கதையை மூன்றாம் நாள் வாசிக்கும்போது இரண்டாம் பாதியை விட்டுவிடுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். முதல் முறையில் கதைக்காகக் கேட்பவன், அடுத்தடுத்த முறைகளில்தான் சொற்களைக் கவனிக்கத் தொடங்குகிறான்.

யானை பிளிறும், மயில் அகவும், குதிரை கனைக்கும் என்று மரபுச் சொற்களை வரிசையாக மனப்பாடம் செய்விக்கலாமா? அக்காலத்தில் நிகண்டையே பாடம் செய்தார்கள் என்று என் மாமனார் சொல்கிறார். – ஒரு வாசகி, தஞ்சாவூர்

உங்கள் மாமனார் சொல்வது உண்மை. திண்ணைப் பள்ளிகளில், செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலான நிகண்டு பாடமாக இருந்தது. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்ததால் வாய்விட்டுச் சொல்ல வாகானது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் வகையால் சொற்களைத் தொகுத்திருப்பதும் அதன் அருமை. ஆனால் அது பிற்பாடு செய்யுள் படிக்கப்போகும் மாணவனுக்கான முன்னேற்பாடு. ஐந்து வயதில் ஒத்த வகைச் சொற்களை ஒரே நாளில் வரிசையாகக் கொடுத்தால், பிளிறுவது எது, கனைப்பது எது என்று ஒன்றோடொன்று குழம்பிவிடும். என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு குதிரையாவது அகவியிருக்கிறது.

கேட்கக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள். காலையில் சுவர்மேல் காகம் கரைகிறது. பக்கத்து வீட்டில் கோழி கொக்கரிக்கிறது. பூவைச் சுற்றி வண்டு முரல்கிறது. யானை உள்ள கோயிலுக்குப் போகும்போது அது பிளிறினால் அன்று அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். இளமைப் பெயர்களும் அப்படியே. தொல்காப்பியத்து மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பதைச் சொன்னாலும், ஐந்து வயதுக்குக் கன்று, குட்டி, குஞ்சு என்ற மூன்று போதும். அவற்றுள் குஞ்சு அந்த ஒன்பதில் இல்லை என்பதை உங்கள் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள். அன்றைய மாலைப் பொழுது சுவையாகக் கழியும்.

பெங்களூரில் வசிக்கிறோம். மகள் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசுகிறாள். அவள் வயதுப் பிள்ளைகளைவிடத் தமிழ்ச் சொற்கள் குறைவாகத் தெரிகின்றனவே? – ஒரு வாசகி

இரு மொழிக் குழந்தையின் சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்தே எண்ண வேண்டும். சந்தையில் பழகிய சொல் கன்னடத்திலும், சமையலறையில் பழகிய சொல் தமிழிலும் இருப்பது இயல்பு. தமிழில் எந்தப் பகுதி மெலிந்திருக்கிறதோ அந்த வேலையைத் தமிழ் பேசிக்கொண்டு அவளுடன் செய்யுங்கள். கன்னடத்தைக் குறைக்க வேண்டாம்.

கற்றுக்கொண்டாளா என்று அறிய மாதாந்திரத் தேர்வு வைக்கலாமா? – முதல் கேள்வியைக் கேட்ட அதே வாசகி

தேர்வு வைத்தால் மறுபடியும் அட்டைக்கே வந்து சேர்வீர்கள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்திய நாள். வலப்பக்கம் நீங்கள் கேட்காமலேயே அவளாக அதைச் சொன்ன நாளும் அவள் சொன்ன முழு வாக்கியமும். என் பேத்தியின் குறிப்பேட்டில் ‘துருவு’ என்ற சொல்லின் வலப்பக்கம் ஏழு மாதம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு நாள் பென்சில் சீவிய தூளைக் கையில் அள்ளிவந்து, “பாட்டி, பென்சிலைத் துருவிட்டேன்” என்றாள். சீவினேன் என்பதே சரி. ஆனாலும் வாக்கியத்தை அப்படியே எழுதித் தேதி போட்டேன்.