அண்ணாச்சி பதில்கள்

எஸ். கோமதி, கல்லிடைக்குறிச்சி: அண்ணாச்சி, பேரனின் பாடப் புத்தகத்தில் பழங்காலச் சீன வெண்கலப் பாத்திரம் பார்த்தேன். பச்சை நிறம், மூன்று கால், வயிற்றில் கண் பிதுங்கிய ஒரு முகம். அது என்ன மிருகம்? அதில் என்ன சமைத்தார்கள்?

இன்ன மிருகம் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை, தங்கச்சி. 'தாவ்தியே' என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர். ஒன்று செய்யுங்கள். படத்தில் பாதி முகத்தை உள்ளங்கையால் மூடுங்கள். மீதியில் ஒரு டிராகன் பக்கவாட்டில் நிற்பது தெரியும்: ஒரு கண், ஒரு கொம்பு, சுருண்ட வால். கையை எடுத்தால் இரண்டு டிராகன்கள் மூக்கோடு மூக்கு முட்டி ஒரே முகமாகிவிடும். கீழ்த்தாடை பெரும்பாலும் இருக்காது.

டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தவனுக்கு வார்ப்பில்தான் கண் போகும். நம் பக்கத்துச் சிலைகளை மெழுகில் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வார்ப்பார்கள். சீனத்துச் சாங் வம்சத்துக் காலத்தில், அதாவது கி.மு. 1600 வாக்கில் தொடங்கி கி.மு. 1046 வாக்கில் முடிந்த ஆட்சியில், வேலை வேறு. முதலில் களிமண்ணில் மாதிரி. அதன்மேல் ஈர மண்ணை அப்பித் துண்டு துண்டாக அறுத்து எடுப்பார்கள். துண்டுகளைச் சுட்டு, நடுவில் மண் கருவை வைத்துத் திரும்பச் சேர்த்துக் கட்டி, இடைவெளியில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். பல பாத்திரங்களில் முகத்தின் நடுவே மூக்குத்தண்டு போல ஒரு வரம்பு நிமிர்ந்து நிற்கும். இரண்டு பாதியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதற்கு இந்தத் துண்டு அச்சு வேலையும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

சமையலா? 'திங்' என்ற அந்த முக்காலிப் பாத்திரத்தில் இறைச்சி. தினையைப் புளிக்கவைத்த மதுவுக்கு 'ஜுவே' என்று மூக்கு வைத்த கிண்ணம். எல்லாம் செத்த பாட்டன் பூட்டனுக்குப் படைக்க. பச்சை நிறம் மண்ணுக்குள் கிடந்து ஏறிய களிம்பு. புதிதில், புளி போட்டுத் தேய்த்த நம் வீட்டு வெண்கலப் பானை போலத் தகதகவென்றுதான் இருந்திருக்கும்.

ஆ. முத்தையா, பேட்டை: அந்தச் சீன வெண்கலத்தில் பெரிய பாத்திரம் எவ்வளவு எடை இருக்கும்?

இதுதான் கடைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி! 'ஹௌமூவூ திங்' 832.84 கிலோ. உயரம் 133 சென்டிமீட்டர், நாலு கால். கைப்பிடியில் இரண்டு புலிகள் நடுவில் ஒரு மனிதத் தலையை வைத்துக்கொண்டு வாயைப் பிளக்கின்றன. 1939-இல் ஆன்யாங் பக்கம் ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். ஜப்பான்காரன் கையில் சிக்கிவிடும் என்று திரும்பப் புதைத்து, 1946-இல் மறுபடி எடுத்தார்கள். இப்போது பெய்ஜிங்கில், தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயர் வேண்டாம், ஸ்ரீவைகுண்டம்: ஆதிச்சநல்லூரிலும் மிருகம் வைத்த வெண்கலம் கிடைத்ததே, சீனச் சரக்கா?

அப்படி முடிச்சுப் போட ஆதாரம் இல்லை, தம்பி. ஆதிச்சநல்லூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலம். 1899 முதல் சில வருஷம் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு வெண்கலமும் வந்தது. எருமை, ஆடு, சேவல், புலி என்று பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடலாம். சீனத்து முகம் பாத்திரத்தின் உடம்போடு கரைந்து கிடக்கும். நம்முடையவை தனி உருவமாகக் காலூன்றி நிற்கும். எனக்கு நம் சேவல்தான் பிடிக்கும். சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்டிப் பாருங்கள்.