கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் விடலாமா?

கேட்டவர் புதுச்சேரிக்காரர். கீழே ரூட்டர், மாடியில் அலுவலக வேலை. சுவரை உடைக்காமல் பழைய பைப்பிலேயே லேன் கேபிளை, அதாவது நெட் கேபிளை, இழுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறாராம்.

வேண்டாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவரும் இதையேதான் சொன்னார். "இடம் இருக்கு சார், சும்மா போகும்" என்றார். இடம் இருப்பது உண்மைதான். ஆனால் லேன் கேபிளின் மேல்தோல் 230 வோல்ட்டுக்காகச் செய்ததில்லை. இழுக்கும்போது பழைய கரண்ட் வயரின் தோல் எங்காவது உரிந்தால், அந்த வோல்டேஜ் லேன் கேபிள் வழியாக உங்கள் லேப்டாப்புக்கே வந்து நிற்கலாம். மின் வயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 732-இன் போக்கும் இதுதான். உள்ளே இருக்கும் உயர்ந்த வோல்டேஜை எல்லாக் கேபிளும் தாங்காவிட்டால் இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது. சிக்னல் கெடுவதெல்லாம் அப்புறம்.

நாங்கள் மாடிப்படி ஓரமாகத் தனியாக பிவிசி பைப் அடித்தோம். கரண்ட் பைப்பிலிருந்து ஒரு ஜாண் தள்ளி. ஒரே இடத்தில் குறுக்கே தாண்ட வேண்டியிருந்தது, அங்கே நேர் குறுக்காகத் தாண்டினோம்.

நான் ஏமாந்தது கேபிளில். விலை குறைவு என்று வாங்கிய முதல் சுருளில் 'கேட் 6' என்று லேன் கேபிளின் தர வகை அச்சடித்திருந்தது. சில மாதங்களில் இணைப்பு 1000-லிருந்து 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். அதனால் அந்த இரண்டில் சேராத ஒரு ஜோடி போனால் நெட் நிற்காது, வேகம் மட்டும் சத்தமில்லாமல் படுத்துவிடும். கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! எளிதில் முறியும், உப்புக்காற்றில் சீக்கிரம் அரிக்கும். கேமராவுக்கு இதே கேபிளில் கரண்டும் அனுப்பினால் சூடும் ஏறும். முழுச் செம்பு என்று எழுதியிருந்தாலும் கடையிலேயே சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 மீட்டர் வரை போகும், நம் வீடுகள் அவ்வளவு பெரிசா என்ன!

லேன் இழுப்பதை நீங்களே செய்யலாம். ஆனால் மாடியில் நெட்வொர்க் ஸ்விட்சுக்காக (லேன் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) புது பிளக் பாயிண்ட் போடுவது வேறு கதை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள்படி அதை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். அவர் வரும்போதே எர்த்தையும், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்கட்டு வீட்டுக்கும் இழுக்கப் போகிறீர்களா? வெளியில் போகும் அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர் (கரண்ட் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள். ஐப்பசி இடியில் செம்புக் கம்பி வழியாக இரண்டு வீட்டு ரூட்டரும் சேர்ந்து போகும். எங்கள் தெருவில் போயிருக்கிறது.