குறைந்த சம்பளக்காரரிடமும் வருமான வரி பிடிப்பது நியாயமா?

"மாசக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதவனிடம் போய் வருமான வரி பிடிப்பது என்ன நியாயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்த கை என்னுடையது என்பதால் நானே பதில் சொல்கிறேன். பதினோரு வருஷம் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருந்தேன். சம்பளச் சீட்டில் எல்லோரும் கடைசியில் நிற்கும் தொகையைப் பார்ப்பார்கள். என் பிழைப்பு நடுவில் இருக்கும் பிடித்தங்களோடு.

அந்த மேஜையில் அடிக்கடி கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "சார், சம்பளத்தைக் கூட்டிடாதீங்க. அடுத்த ஸ்லாபுக்குப் போயிட்டா மொத்தத்துக்கும் வரி ஏறிடும்." ஸ்லாப் என்றால் வருமானத்தை எல்லை போட்டுப் பிரித்த வரிப் படி. இந்தப் பயம் தவறு. எல்லையைத் தாண்டிய தொகைக்குத்தான் கூடுதல் விகிதம். எல்லைக்குக் கீழே இருப்பதற்குப் பழைய கணக்குதான். ஸ்லாபை மட்டும் பார்த்தால், சம்பளம் கூடியதால் கைக்கு வருவது குறைந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை ஒரு குட்டிப் பிரசங்கமாகவே தயார் செய்து வைத்திருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் தாளில் படம் போட்டுக் காட்டுவேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துப்புரவுப் பணியில் ஓர் அக்கா இருந்தார். ஓவர்டைம் கொடுத்தால் வேண்டாம் என்பார். மேற்பார்வையாளர் அதைச் சோம்பேறித்தனம் என்றார், நான் அவருடைய அறியாமை என்று நினைத்தேன். கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். மறுநாள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் அரசு தரும் உதவித்தொகையின் கணக்கு அது. வருமானம் ஏற ஏற உதவி எவ்வளவு குறையும் என்று அதில் போட்டிருந்தது. "இதையும் சேர்த்துப் போடுங்க சார்."

சேர்த்துப் போட்டேன். கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறிலும் முதலில் வரி, அடுத்து ஓய்வூதியம் போன்றவற்றுக்கான சமூகக் காப்புறுதிப் பிடித்தம், மிச்சத்தில் பாதிக்கு மேல் உதவித்தொகைக் குறைப்பு. கடைசியில் நின்றது முப்பது சொச்சம். அதில் போக்குவரத்துச் செலவு போக வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் கொடுக்க வேண்டும். என் கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதியை அவர் கால்குலேட்டர் இல்லாமலே போட்டு வைத்திருந்தார்.

ஏதோ ஓர் ஆபீஸின் கதை என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. அங்கே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை உண்டு. வரி விலக்கு வரம்பைத் தாண்டிய, இந்த உதவியும் பெறுகிற ஒருவர் கூடுதலாக 100 பவுண்டு சம்பாதிக்கிறார். வருமான வரி 20 சதவீதம், தேசியக் காப்புறுதி (அந்நாட்டின் சமூகக் காப்புறுதிப் பிடித்தம்) 8 சதவீதம். கையில் 72. அந்த 72-இல் 55 சதவீதம், அதாவது 39 பவுண்டு 60 பென்ஸ், உதவித்தொகையிலிருந்து கழிந்துவிடும். மிஞ்சுவது 32 பவுண்டு 40 பென்ஸ். இதுவே முன்பைவிடப் பரவாயில்லை. 2021 கடைசியில் அந்த 55-ஐக் கொண்டுவரும் வரை அது 63 சதவீதமாக இருந்தது, காப்புறுதியும் 12 சதவீதம். அப்போது நூறில் மிஞ்சியது ஏறத்தாழ 25.

அதே நாட்டில் ஆண்டுக்கு 1,25,140 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு அடுத்த நூறில் வரி 45, காப்புறுதி 2. அவர் கையில் 53 நிற்கிறது. துடைப்பம் பிடிப்பவருக்கு 32, மேலாளருக்கு 53. சட்டப் புத்தகத்தில் இதை யாரும் 67.6 சதவீத வரி என்று எழுதி வைக்கவில்லை. ஒரு துண்டு வரித்துறையில், ஒரு துண்டு உதவித்தொகை அலுவலகத்தில் கிடக்கிறது. அதனால்தான் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. "ஏழை வரி கட்டலாமா கூடாதா" என்பதைவிட, அவர் இன்னும் ஒரு மணி நேரம் உழைத்தால் அந்தக் கூலியில் எவ்வளவு அவரிடம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். அவரைவிடப் பத்து மடங்கு சம்பாதிப்பவரிடம் நிற்பதைவிட அது குறைவாக இருந்தால், ஸ்லாப் அட்டவணை எவ்வளவு அழகாகப் படிப்படியாக ஏறினாலும் அதை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

"எல்லோரும் கொஞ்சமாவது கட்டினால்தானே நாட்டின் மேல் உரிமை வரும்" என்பார்கள். இந்த வாதத்தை நான் கேலி செய்யமாட்டேன், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் வருமான வரி கட்டாதவர் வரியே கட்டவில்லை என்று யார் சொன்னது? வாங்கும் பொருளில் விற்பனை வரி இருக்கிறது. வருகிற பணத்தையெல்லாம் செலவழித்தே தீர வேண்டியவருக்கு வருமானத்தில் அதன் பங்கு அதிகம். பாதியைச் சேமிக்க முடிந்தவருக்குக் குறைவு. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாக முதல் டாலரிலிருந்தே 7.65 சதவீதம் பிடிக்கிறார்கள். விலக்கு வரம்பே கிடையாது. ஆனால் அதில் பெரிய பங்கான 6.2 சதவீதப் பிடித்தத்துக்கு வருமானத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு (2025-இல் 1,76,100 டாலர்). அதற்கு மேல் சம்பாதிப்பதற்கு அந்தப் பிடித்தம் இல்லை. கீழே தரை இல்லை, மேலே கூரை இருக்கிறது. வீட்டை இப்படிக் கட்டினால் யாராவது குடிபோவார்களா?

அடுத்தது விலக்கு வரம்பு. பிழைப்புக்குத் தேவையானதில் கை வைக்கக் கூடாது என்பது புதிய எண்ணமல்ல. பிரிட்டனில் 1799-இல் பிரதமர் பிட் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தபோதே ஆண்டுக்கு 60 பவுண்டுக்குக் கீழ் வருமானம் உள்ளவர்களை விட்டுவிட்டார். எல்லா நாடும் அப்படி இல்லை. ஹங்கேரியில் ஒரே 15 சதவீதம்தான், எல்லோருக்கும் பொதுவான விலக்கு வரம்பு கிடையாது.

வரம்பு இருந்தால் மட்டும் போதாது. விலைவாசி ஏறும்போது அது அசையாமல் நின்றால் அதுவே வரி உயர்வு, அறிவிப்பு மட்டும் வராது. பிரிட்டனின் 12,570 பவுண்டு வரம்பு 2021-இலிருந்து அதே இடத்தில் நிற்கிறது. வாரம் 35 மணி நேரம், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரலில் மணிக்கு 8.91 பவுண்டு. ஆண்டுக்கு சுமார் 16,216, அதில் வருமான வரி சுமார் 729. 2025 ஏப்ரலில் கூலி 12.21. ஆண்டுக்கு சுமார் 22,222, வரி சுமார் 1,930. சம்பளத்தில் 4.5 சதவீதமாக இருந்த வரி 8.7 சதவீதம் ஆகிவிட்டது. விகிதத்தை யாரும் தொடவில்லை, இன்னும் அதே 20தான். கூலி உயர்வுக்கு ஒரு கை தட்டினால், மறு கை சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது.

"அப்படியானால் வரம்பை உயர்த்திவிட்டால் போச்சு" என்று நானும் நினைத்திருந்தேன். ஏற்கெனவே வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை. வரம்புக்கு மேலே இருக்கும் எல்லோருக்கும், நிறையச் சம்பாதிப்பவர் உட்பட, லாபம் உண்டு. சில நாடுகளில் அதிக விகிதத்தில் கட்டுபவருக்கு லாபமும் அதிகம். ஏழைக்குச் செய்வதாக மேடையில் சொல்லி, மேலே இருப்பவருக்கே அதிகம் கொடுக்கும் திட்டம் இது. அமெரிக்காவில் 1975-இல் வந்த ஏற்பாடு இதைவிட நல்லது. உழைத்துச் சம்பாதிக்கும் குறைந்த வருமானக்காரருக்கு ஒரு தொகையை வரியில் கழிவாகத் தருகிறார்கள். கட்ட வேண்டிய வரியைவிடக் கழிவு அதிகமாக இருந்தால் மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதல் டாலரிலேயே பிடிக்கிறார்கள் என்றேனே, அந்தச் சுமைக்கு ஈடு செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் கேட்டு வாங்க வேண்டும். தகுதி உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கேட்பதே இல்லை என்று அந்நாட்டு வரித்துறையே சொல்கிறது. படிவத்தைப் பார்த்துப் பயந்தவர், தகுதி இருப்பதே தெரியாதவர், படிவம் நிரப்பித் தர ஆள் வைக்கப் பணமில்லாதவர் என்று எல்லோரும் அந்த ஒருவருக்குள் அடங்குவார்கள்.

படிவம் என்றதும் என் மேஜையின் இன்னொரு பாவம் நினைவுக்கு வருகிறது. மாதாமாதம் பிடிக்கும்போது, இந்த மாதச் சம்பளமே வருஷம் முழுக்க வரும் என்று வைத்துக்கொண்டுதான் எங்கள் கணக்கு ஓடியது. நான்கு மாதம் மட்டும் வேலை கிடைத்தவருக்கும் அதே பிடித்தம். இரண்டு இடத்தில் வேலை செய்பவருக்கு இரண்டாவது இடத்தில் விலக்கே இல்லாமல் முதல் காசிலிருந்து பிடித்தம். "வருஷ முடிவில் ரீஃபண்ட் வந்துடும்" என்று நான் லேசாகச் சொல்லி அனுப்புவேன். வரும்தான். ஆனால் வாடகை வருஷ முடிவு வரை காத்திருக்காது. அதுவரை அவர் அரசுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு, வெளியே வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழ்த்தட்டில் 5 சதவீதம் நேராகப் பிடித்து, உதவித்தொகையை மெதுவாகக் குறைக்கும் நாட்டில், பூஜ்ய வரி வைத்து உதவியை ஒரேயடியாக வெட்டும் நாட்டைவிட அந்த அக்கா நன்றாகவே இருப்பார். உங்கள் சம்பளச் சீட்டை நீங்களே பார்ப்பதானாலும் வருமான வரி என்று எழுதியிருக்கும் இடத்தோடு நிறுத்தாதீர்கள். போன வருஷம் இதே மாதச் சீட்டையும், கிடைக்கும் உதவிகளின் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து, கூடுதலாக உழைத்த நூறில் எவ்வளவு நின்றது என்று பாருங்கள்.

அந்த அக்காவின் மூத்த மகன் வேலைக்குப் போனதும் உதவித்தொகை அடியோடு நின்றுவிட்டது. அந்த மாதம் ஓவர்டைம் பட்டியல் என் மேஜைக்கு வந்தபோது முதல் பெயர் அவருடையது.