இரவில் எழுதிய புரோகிராம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். சம்பள உயர்வு இல்லை, மேனேஜர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார். அதனால் இரவில் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். 6 லட்சம் வந்தது, அதில் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். இப்போது விளக்கம் கேட்டு எச்ஆரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. ‘வெளிவேலை செய்யவில்லை’ என்று எழுதிவிடலாமா? ரிட்டர்னில் இந்த வருமானத்தைக் காட்டாமல் விட்டால் தப்பிக்கலாமா?

பதில்: மேனேஜர் நடத்தையும் சம்பள உயர்வும் இந்த விவகாரத்தில் எடுபடாது. உங்கள் நியமனக் கடிதத்தில் ‘வேறு எந்தப் பணியும் செய்யக் கூடாது’ என்ற ஷரத்து இருக்கிறதா? அதுதான் கேள்வி. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு காப்பாற்றும் என்று பலர் நம்பி வருகிறார்கள். வேலையை விட்ட பிறகு போடப்படும் தடைக்குத்தான் அது பெரும்பாலும் உதவும். வேலையில் இருக்கும்போது உள்ள தடை பொதுவாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது.

வரி சின்ன விஷயம். ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும், டிடிஎஸ் ஏற்கெனவே 26ஏஎஸ்-இல், அதாவது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் படிவத்தில், பதிவாகியிருக்கும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் இதற்கு ஆகாது. உத்தேச வரி முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை. நீங்களாகக் கொடுக்காமல் கம்பெனி உங்கள் 26ஏஎஸ்-ஐப் பார்க்க முடியாது. ஆனால் அடுத்த வேலையில் சேரும்போது பின்னணி சரிபார்ப்புக்கு அதையே கேட்கிறார்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். அந்த புரோகிராமை எந்த லேப்டாப்பில் எழுதினீர்கள்? பணியின் போக்கில் எழுதியது முதலாளிக்குச் சொந்தம் என்கிறது பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17-ஆம் பிரிவு. நியமனக் கடிதங்கள் அதையும் தாண்டி, பணிக்காலத்தில் உருவாக்கிய அத்தனையும் கம்பெனிக்கே என்று எழுதிவைக்கின்றன. பெங்களூரு நிறுவனத்தின் ஒப்பந்தத்திலோ, ‘இது முழுக்க என் சொந்தப் படைப்பு, வேறு யாராவது உரிமை கோரினால் நஷ்டத்தை நானே ஈடுகட்டுவேன்’ என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அனேகமாகப் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டினான். ஆபீஸ் லேப்டாப்பில் இரவு 11 மணிக்கு மேல் செய்த வேலையெல்லாம் கம்ப்யூட்டர் பதிவில் (log) நேரத்தோடு இருந்தது. அவன் ‘செய்யவே இல்லை’ என்று மெயிலில் எழுதியிருந்தான். வேலை போனது பெரிதில்லை, ‘நேர்மைக் குறைவு’ என்று காரணம் எழுதிவிட்டார்கள். அடுத்த இரண்டு இடங்களில் அது தொடர்ந்து வந்தது. வாங்கிய பணத்தையும் அவனுடைய வாடிக்கையாளர் திருப்பிக் கேட்டார்.

அதனால் பொய் வேண்டாம், வீராப்பும் வேண்டாம். வழக்குப் போட்டு ஜெயிக்கிற விஷயம் இல்லை இது. சமரசமாகப் போங்கள்: நீங்களே ராஜினாமா செய்வது, கம்பெனி ரிலீவிங் லெட்டரைச் சுத்தமாகத் தருவது, அந்த புரோகிராம் மீது கம்பெனி உரிமை கோராது என்று எழுத்தில் தருவது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், முதல் இரண்டைவிட அதுதான் முக்கியம். இரண்டு ஒப்பந்தங்களையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு மெயிலுக்குப் பதில் எழுதுங்கள். அதுவரை லேப்டாப்பிலிருந்து ஒரு ஃபைலைக்கூட அழிக்காதீர்கள்.