கட்டணமில்லாப் பயணமும் கஜானாவும்

கேள்வி: வருவாய்ப் பற்றாக்குறையில் தவிக்கும் தமிழக அரசு, மகளிரின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை நிறுத்தினால் கணக்கு நேராகிவிடாதா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: ஆகாது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை குறித்து வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறையை 61,320 கோடி ரூபாய் எனக் காட்டியது. இந்தத் திட்டமோ 2021 மே மாதத்தில்தான் தொடங்கியது. கொரோனா ஒருபுறமிருக்க, பொருளாதாரம் வளர்ந்த அளவுக்கு மாநிலத்தின் சொந்த வரி வருவாய் உயராமல் பல ஆண்டுகளாகத் தேய்ந்துவந்ததே ஆழமான காரணம். ஜிஎஸ்டி வந்தபின் மதுபானம், பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு, வாகன வரி போன்ற சில இனங்களில்தான் மாநிலம் தானே விகிதத்தை முடிவு செய்ய முடிகிறது. ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பை மத்திய அரசு ஈடுகட்டிவந்த காலமும் 2022 ஜூனோடு முடிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 சதவீதம் பேர் இங்கு வாழ, மாநிலங்களுக்கான மத்திய வரிப் பகிர்வில் 15ஆவது நிதிக்குழு நமக்கு ஒதுக்கியது 4.079 சதவீதம்தான்.

விடியலுக்கு முன்பே கீரைக்கட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு நகரப் பேருந்தில் சந்தைக்கு வரும் பெண்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். ஒருவருக்கு மிச்சமாகும் இருபது ரூபாய், பிள்ளைக்குப் பாலாகிறது. சிக்கனம் தேவைதான், ஆனால் அதை மின்வாரியக் கடனிலிருந்தும் வரி ஏய்ப்பிலிருந்தும் தொடங்காமல், அந்த மடியிலிருந்து தொடங்குவதை என்னால் ஏற்க முடியாது.