மாலி அணிக்குப் பரிதாபம் வேண்டாம்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் 2012-லிருந்து சண்டை ஓயவில்லை. அங்கே பெண்கள் கூடைப்பந்து ஆடுவதே பெரிய வெற்றி இல்லையா? வீராங்கனைகள் சொன்ன பாலியல் புகார் விஷயத்தில், போன இதழில் அந்த நாட்டுக் கூடைப்பந்து நிர்வாகிகளை அவ்வளவு கடுமையாகச் சாடியிருக்க வேண்டுமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சாடத்தான் வேண்டும். 'ஆடுவதே வெற்றி' என்று தட்டிக்கொடுத்து அனுப்ப அவர்கள் ஒப்புக்கு ஆடுகிறவர்கள் இல்லை. 2007-ல் செனகலை அதன் தலைநகர் டக்காரிலேயே வீழ்த்தி ஆப்பிரிக்க சாம்பியன் ஆன அணி அது. அடுத்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடியது. அப்புறம்தான் 2012-ல் ராணுவப் புரட்சி வந்தது. திம்பக்து, காவோ என்று வடக்கு நகரங்கள் எல்லாம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போயின. 2020-லும் 2021-லும் மறுபடி புரட்சி. இத்தனைக்கும் நடுவில், 2021-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நான்காம் இடம் பிடித்தார்கள். அந்த அணியின் சிகா கோனே மறு ஆண்டே அமெரிக்காவின் தொழில்முறைப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் வீராங்கனைகள் தேர்வில் இடம்பெற்றார்.

அதே 2021-ல்தான் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. இளையோர் அணிப் பெண்களிடம் பயிற்சியாளர்களே பாலியல் அத்துமீறல் செய்தார்கள் என்ற புகார். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா, ரஷ்ய ஊக்கமருந்து விவகாரத்தை விசாரித்த ரிச்சர்ட் மெக்லாரனிடம் இதை ஒப்படைத்தது. மாலியின் கூடைப்பந்து அமைப்புக்குள் இந்த அக்கிரமம் வழக்கமான ஒன்றாகவே சகித்துக்கொள்ளப்பட்டது என்று அவருடைய அறிக்கை சொன்னது. இதைச் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் எந்த ஆயுதக் குழுவும் இல்லை, அம்மா. பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த இடத்தில் இருந்தவர்கள். 'பாவம், போர் நடக்கும் நாடு' என்று நாம் இரக்கப்பட்டு விட்டுவிட்டால் அது அவர்களுக்குத்தான் வசதி.

2022-ல் நைஜீரிய அரசு தன் அணியை விலக்கிக்கொண்டதால் சிட்னி உலகக் கோப்பைக்கு மாலி போனது. ஐந்து ஆட்டமும் தோல்வி. ஒரு தோல்விக்குப் பிறகு இரண்டு வீராங்கனைகள் கேமரா முன்னாலேயே அடித்துக்கொண்டார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. முந்தைய ஆண்டு வந்த அறிக்கையைப் பற்றி அதில் கால்வாசிப் பேச்சாவது எழுந்திருக்கக் கூடாதா?

2025-ல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டம் வரை வந்து நைஜீரியாவிடம் 78-64 என்று தோற்றார்கள். அதைத் தோல்வி என்றே எழுதினோம், மற்ற எந்த நல்ல அணிக்கும் எழுதுவதைப் போல. புகார் சொன்ன பெண்கள் பயமில்லாமல் மறுபடி ஆட முடிகிறதா என்று நிர்வாகிகளிடம் போன இதழில் கேட்டோம். இனியும் கேட்போம்.